வாவிக்கரையில் தீராத ஒரு வழக்கு: கிண்ணம் முன்களத்துக்கா, பின்களத்துக்கா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உதைபந்தாட்டம் பேசப்படுகின்ற இடமெல்லாம் ஒரு வழக்கு நெடுங்காலமாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. சுற்றுப்போட்டியில் கிண்ணத்தை வென்று தருவது முன்களமா, பின்களமா? எழுவான்கரையில் ஒரு விடை, படுவான்கரையில் வேறொரு விடை என்று இதனைப் பிரித்துவிட முடியாது. ஒரே கழகத்துக்குள், ஒரே வாங்கில் அமர்ந்திருப்போரிடையே இரண்டு விடைகளும் இருக்கும். கோல் போட்டவர் ஒன்றைச் சொல்வார். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் மற்றதைச் சொல்வார். மத்திய களத்தில் ஆடியவர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார்.

இதனை வெறும் தேநீர்க்கடைப் பேச்சென்று தள்ளிவிடலாகாது என்பது என் கருத்து. எந்தச் சிறுவனை எந்த இடத்தில் நிறுத்திப் பழக்குவது, கையிலுள்ள சொற்பப் பணத்தில் எதற்குப் பயிற்சி கொடுப்பது, எவருடைய பெயரை ஊர் நினைவில் வைத்திருப்பது என்பனவெல்லாம் இந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன. கடைசியாகச் சொன்ன விடயமே, பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில், என்னை அதிகம் உறுத்துகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

உதைபந்து இப்பிரதேசத்துக்கு வருவதற்கு முன்பே தாக்குதலும் தடுத்தலும் இங்கு விளையாட்டாக இருந்தன. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கொம்புமுறியை எடுத்துக்கொள்வோம். ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. இதில் தாக்கியவர் யார், தடுத்தவர் யார்? இரு சேரியும் இழுக்கின்றன. இரு கொம்பும் தாங்குகின்றன. முறியாமல் நிற்பதே வெற்றி. தோற்ற சேரியைப் பாட்டில் வைத்து வசைபாடுவதும் அன்றைய வழக்கம். எதிரணியைக் கேலி செய்து பாடுவதை ஐரோப்பிய மைதானங்களிலிருந்து கற்றுக்கொண்டதாக நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள், எண்ணிவிட்டுப் போகட்டும். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பெயரால் நடைபெறும் அங்கெலிய இந்த விளையாட்டின் உடன்பிறப்பே.

சித்திரை வருடப்பிறப்பின்போது ஆடப்படும் போர்த்தேங்காய் இன்னும் தெளிவானது. தடித்த சிரட்டையுள்ள காய்களைத் தேடி எடுத்து வைத்திருப்பார்கள். ஒருவர் தம் காயை வைப்பார். மற்றவர் தம் காயால் அதன்மேல் அடிப்பார். பார்ப்பவர்களின் கண் முழுவதும் அடிப்பவரின் கையிலேயே இருக்கும். ஆயினும் பல வேளைகளில் உடைவது அடித்த காய். அசையாமல் கிடந்த காய் அடுத்த ஆட்டத்துக்குப் போகும்.

கிளித்தட்டு நமது தமிழ்ப் பிரதேசங்கள் எங்கும் ஆடப்பட்டது. கோடுகளில் நின்று மறிப்பது ஒரு பக்கம், கோடுகளைத் தாண்டி ஓடுவது மற்றப் பக்கம். இவ்விளையாட்டில் மறிப்பவர்களுக்குப் புள்ளி கிடையாது. ஆனால், ஓடுபவர்களில் ஒருவரைத் தொட்டுவிட்டால் பக்கம் மாறும், மறித்தவர்கள் ஓடுபவர்களாகிவிடுவார்கள். தடுப்பது என்பது பந்தைத் தன்வசம் எடுப்பதற்கான வழி என்று இன்றைய பயிற்சியாளர்கள் பலகையில் கோடு கீறி விளக்குகின்ற பாடம் நம் முற்றத்து மணலிலேயே கீறப்பட்டிருந்தது.

விளையாட்டை விட்டுச் சற்று விலகிச் சொல்ல வேண்டிய சம்பவம் ஒன்றும் இவ்வாவிக்கு உரியது. புளியந்தீவில் உள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினர். நாற்புறமும் நீர், தடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்டின் கப்பற்படைக்கும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படைக்கும் முன்னால் அது பணிந்தது. கோட்டைச் சுவரில் மட்டும் காரணத்தைத் தேடுவது போதாது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் கன்னொறுவையில் போர்த்துக்கேயரின் களப்படை அழிக்கப்பட்டுவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உதவிக்கு வருவதற்கும், வெளியே போய் எதிரியைத் திருப்பி அடிப்பதற்கும் ஆளில்லை. பதினொருவரையும் தன் பாதிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, முன்னே ஒருவரையும் விடாமல் ஆடுகின்ற அணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டைதான் நினைவுக்கு வரும்.

இனி, 'கிண்ணத்தை வெல்வது தடுப்பாட்டமே' என்ற வாசகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது நம்முடைய உதைபந்தாட்டத்தில் பிறந்ததன்று. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் உதைபந்து என்று அழைக்கின்ற, கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகின்ற வேறொரு விளையாட்டில் பிறந்தது. தாக்குதல் சீட்டுகளை விற்கும், தடுப்பு சம்பியன் பட்டத்தை வெல்லும் என்ற கருத்து அங்கே அலபாமாப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பெயார் பிறையன்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மட்டக்களப்புக்கும் அந்த நாட்டின் தென்பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைப் புதிய தலைமுறை அறியாதிருக்கலாம். 1940களின் பிற்பகுதியிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் இங்கு பணியாற்ற வந்தனர். நகரின் பிரதான விளையாட்டரங்கு அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1948 இல் வந்த யூஜின் ஹேபேர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர். 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், அவரும் அவரோடு வந்த தமிழ் இளைஞரும் காணாமற்போயினர். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை. அந்தத் தலைமுறையின் கடைசி மனிதர்களுள் ஒருவரான பென் ஹென்றி மில்லர் அடிகளார் 2019 புத்தாண்டு தினத்தன்று மறைந்தார்.

அவர்கள் தம் நாட்டு உதைபந்தை இங்கே கொண்டுவரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொண்டுவந்திருந்தால் இந்த வழக்கு எளிதில் தீர்ந்திருக்கக்கூடும். ஏனெனில், அமெரிக்க ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறொரு பதினொருவர். பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியே போக மற்றக் கூட்டம் உள்ளே வரும். எனவே எந்தக் கூட்டம் வென்று கொடுத்தது என்று கணக்குப் பார்க்க முடியும். 2014 பெப்ரவரியில் நடந்த அவர்களது இறுதிப்போட்டியில், அந்தப் பருவத்தில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த டென்வர் அணியை, தடுப்பில் முதலிடம் பெற்றிருந்த சியாற்றில் அணி 43–8 என்று நசுக்கியது. பழமொழி உண்மையாயிற்று என்று எழுதினார்கள். 2023 இறுதிப்போட்டியில் கன்சாஸ் நகர அணி 38–35 என வென்றபோது பழமொழியை யாரும் எடுக்கவில்லை. சாதகமான சாட்சியை மட்டும் கூப்பிடுகின்ற வழக்கறிஞரின் வேலைதான் இது.

நமது உதைபந்தாட்டத்தில் நிலைமை வேறு. அதே பதினொருவர்தான் இரண்டையும் செய்கிறார்கள். முன்களத்தில் நிற்பவர் எதிரணிப் பின்கள வீரரை நெருக்கிப் பந்தைப் பறித்தால் அது தாக்குதலா, தடுப்பா? கோல் காப்பாளர் பிடித்த பந்தை அடுத்த கணமே நாற்பது யார் தூரம் எறிந்து எதிர்த்தாக்குதலைத் தொடங்கினால் அது எந்தக் கணக்கில் சேரும்?

பழைய ஆட்டங்களைக் கிளறினால் இந்தக் குழப்பம் மேலும் கூடும். தாக்குதல் மட்டும் போதாது என்பதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் 1954 உலகக் கிண்ணம். ஹங்கேரி ஐந்து ஆட்டங்களில் 27 கோல்கள் போட்டது. முதற்சுற்றில், பதில் வீரர்கள் பலரை இறக்கியிருந்த மேற்கு ஜேர்மனியை 8–3 என வென்றது. பேர்ண் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே மேற்கு ஜேர்மனியிடம் 2–3 எனத் தோற்றது. தடுப்பாட்டம் வென்றதென்று கதை முடிக்கப்படும். ஆனால், வென்ற ஜேர்மனி அந்தச் சுற்றில் வாங்கிய கோல்கள் எத்தனை? 14. தோற்ற ஹங்கேரி வாங்கியதோ 10. அதிகமாக வாங்கிய அணியே கிண்ணத்தைத் தூக்கியது. பட்டியலைச் சரியாகக் கூட்டிப் பாராமல் எழுதப்பட்ட வரலாறு இது.

என் எண்ணத்தில், இந்த வழக்கின் தீர்ப்பு விதிப்புத்தகத்திலேயே பாதி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கோலும் வாங்காத அணி ஆட்டத்தைத் தோற்க முடியாது. ஆகக்குறைந்தது சமநிலை உறுதி. ஒரு கோல் போட்ட அணிக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை. வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்றிருந்த காலத்தில் சமநிலை அரை வெற்றியாக மதிக்கப்பட்டது. 1981 இல் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றியது. 1994 இல் உலகக் கிண்ணமும் அதனை ஏற்றது. அன்றிலிருந்து சமநிலையின் பெறுமதி மூன்றில் ஒன்று. நீண்ட லீக் போட்டியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் மெல்ல மெல்லப் பின்தங்குவார்.

விலகல் முறையில் இது அப்படியே தலைகீழாகிறது. அங்கே சமநிலைக்குத் தண்டனை இல்லை. தண்ட உதைகள் காத்திருக்கின்றன. தண்ட உதைகளால் தீர்க்கும் முறை 1970 இல் விதியாவதற்கு முன்னர் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிக்க, நாணயத்தைச் சுண்டிப்போட்டு இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அந்த இத்தாலி சம்பியனும் ஆயிற்று. 2004 இல் கிரேக்கம் பிரான்ஸ், செக் குடியரசு, போர்த்துக்கல் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக 1–0 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. 2006 இல் இத்தாலி ஏழு ஆட்டங்களில் இரண்டே கோல்களை வாங்கியது. ஒன்று தன் வீரரே போட்டது, மற்றது தண்ட உதை. 2010 இல் ஸ்பெயின் எட்டே கோல்களோடு உலக சம்பியனானது; விலகல் சுற்றின் நான்கு ஆட்டங்களும் 1–0. ஆனால், ஸ்பெயினைத் தடுப்பாட்ட அணி என்று எவரும் அழைத்ததில்லை. பந்தைத் தன் காலடியில் வைத்துக்கொண்டே எதிரியைப் பட்டினி போட்ட அணி அது. 2022 இல் ஆர்ஜென்டீனா எட்டுக் கோல்கள் வாங்கியும் வென்றது. இறுதியாட்டம் 3–3. மேலதிக நேரத்தின் கடைசிக் கணங்களில் கோல் காப்பாளர் மார்ட்டினேஸ் காலை நீட்டித் தடுத்த ஒரு பந்து இல்லாவிட்டால், மெஸ்ஸியின் இரண்டு கோல்களும் தோற்ற அணியின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை தெற்காசியக் கிண்ணத்தை வென்றது ஒரே ஒரு தடவை. 1995 இல் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியாவை மேலதிக நேரத்தில் 1–0 என வென்றது. 2006 இல் ஆசிய சவால் கிண்ணத்தில் அரையிறுதியில் நேபாளத்தைத் தண்ட உதைகளில் கடந்து, இறுதியில் தஜிகிஸ்தானிடம் 0–4 எனத் தோற்றது. 2021 இல் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் சுற்றுப்போட்டியின் இறுதியில் சீஷெல்ஸ் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டும், 3–3 என்ற சமநிலையின் பின் தண்ட உதைகளில் கிண்ணத்தை இழந்தது. ஒரு கோல் போட்டு வென்றதும் மூன்று கோல் போட்டுத் தோற்றதும் நம் கண்முன்னே நடந்தவை.

வாவிக்கரையின் கிராமத்துச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையிலானவை. மறைந்த ஒருவரின் ஞாபகார்த்தமாக நடத்தப்படுபவை. நேரம் குறைவு. எழுவர் ஆட்டமென்றால் இன்னும் குறைவு. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை படுவான்கரை அணிகள் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து வந்தாக வேண்டும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அத்தனை பாடும் அரைமணி நேரத்தோடு முடிந்துவிடும். ஆகவே முதலில் தோற்காமல் இருப்போம் என்ற எண்ணம் இயல்பாகவே வரும். மைதானங்களும் அதற்கு ஒத்தாசை செய்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரைப் பக்கத்து மணல் தரையில் பந்து உருளாது. நான்கு பேர் தொடர்ச்சியாகப் பந்தைப் பரிமாறுவது பெரும்பாடு. உயர்த்தி அடித்து எதிரியின் பாதிக்குள் தள்ளிவிடுவதே புத்தி. மாரியில் தண்ணீர் தேங்கிய தரையிலும் அதே கதை. இப்படித் தண்ட உதை வரை இழுத்துச் செல்லத் தெரிந்த அணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்தப் பழக்கத்தோடு நீண்ட லீக் போட்டி ஒன்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு அயலில் ஓர் உதாரணம் இருக்கிறது.

2018–19 இந்திய ஐ-லீக் போட்டியில் ரியல் காஷ்மீர் அணி 20 ஆட்டங்களில் 10 கோல்களை மட்டுமே வாங்கியது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த தடுப்பு அது. கிடைத்தது மூன்றாம் இடம். கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிற்றி அணி 28 கோல்களை வாங்கியது. ஆனால் 48 போட்டது. ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளியால் முந்திச் சம்பியனானது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதற்தடவை. 21 கோல்கள் போட்ட பெட்ரோ மான்சியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால், கடைசி நாளில் நடந்தது வேறு. மினேர்வா பஞ்சாப் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சென்னை சிற்றி தொடக்கத்திலேயே 0–1 எனப் பின்தங்கியது. மான்சி தண்ட உதையில் சமப்படுத்தினார். பின்னர் வெற்றியைத் தந்த இரண்டு கோல்களையும் போட்டவர் பின்கள வீரரான கௌரவ் போரா. அதற்கு முந்திய ஆண்டு, 2018 மார்ச் மாதம், சென்னையின் எஃப்சி பெங்களூரில் வைத்தே பெங்களூர் அணியை 3–2 என வென்று இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை எடுத்தபோதும் இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் அல்வேஸ் என்ற பிறேசில் நாட்டவர். அவரும் பின்கள வீரரே. அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வந்த இரண்டு பட்டங்களும் தீர்மானமான ஆட்டத்தில் பின்களத்துக் கால்களாலும் தலைகளாலும் வந்தவை. முன்களத்தார், பின்களத்தார் ஆகிய இரு கட்சியாரும் இதைத் தத்தமக்குச் சாதகமான சாட்சியாகக் கொள்ளலாம்.

நான் இதை வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். போராவையும் அல்வேஸையும் நாம் நினைவில் வைத்திருப்பது ஏன்? அவர்கள் கோல் போட்டபடியால். அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் தடுத்த பந்துகளுக்கு எவரிடமும் கணக்கில்லை. இது ஊர்ப் பத்திரிகைச் செய்திகளில் இன்னும் மோசம். பிராந்தியச் செய்தியாளர் ஒருவருக்கு உதைபந்தாட்ட இறுதிப்போட்டிக்குக் கிடைக்கும் இடம் இரண்டு பந்தி, ஒரு படம். அந்த இரண்டு பந்திக்குள் பிரதம அதிதியின் பெயர், பதவி, சிறப்பு அதிதிகளின் பெயர்கள், அனுசரணையாளர், பின்னர் கோல் போட்டவர். இடம் முடிந்துவிடும். கோல் காப்பாளரின் பெயர் வருவதென்றால் தண்ட உதை இருக்க வேண்டும். இடது பின்களத்தில் நின்றவரின் பெயர் வருவதென்றால் அவர் சிவப்பு அட்டை பெற்றிருக்க வேண்டும். பந்தி எழுதுவோரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்வதைவிட, தொழிலின் அமைப்பே அப்படி என்று சொல்வது பொருந்தும். கோல் ஒரு நிகழ்ச்சி, கோல் விழாதது நிகழ்ச்சி அன்று.

இதன் விளைவாக, மட்டக்களப்பு உதைபந்தாட்டத்தின் வரலாற்றை யாராவது நாளை எழுதப் புகுந்தால் அவருக்குக் கிடைக்கப்போவது முன்கள வீரர்களின் பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, 'இங்கு கிண்ணங்களை வென்றது தாக்குதலே' என்று அவர் முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. மற்றப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களில் பலர் போர்க்காலத்தில் போனார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் ஆட்களோடு சேர்த்து அவர்களது வீடுகளையும், அந்த வீடுகளின் சுவரில் தொங்கிய அணிப் படங்களையும் கொண்டுபோயிற்று. எஞ்சியோரில் ஒரு பகுதியினர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிப்போரில் பழைய அணிப் படங்களை வைத்திருப்பவர்கள், படத்தில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதும்போது ஒவ்வொருவரும் எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டுகிறேன். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கும் இதே வேண்டுகோள். மத்தியஸ்தரிடம் கொடுக்கும் வீரர் பட்டியலின் பிரதி ஒன்றை எடுத்து, ஆட்ட முடிவையும் அதிலேயே குறித்து, திகதியிட்டு வைத்தால் போதும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தாள்.